புகையிலை காட்டிய நரம்பு வழி

பினாங்குத் தீவின் பெயரே பாக்கிலிருந்து வந்தது. மலாய் மொழியில் 'பினாங்' என்றால் கமுகு. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கி, இதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று புதுப்பெயர் சூட்டினார். அந்தப் பெயர் ஏட்டோடு நின்றுவிட்டது. மக்கள் வாயில் நிலைத்தது கமுகின் பெயர்தான். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பாய்மரக் கப்பலேறி வந்த நம்மவர், ஜார்ஜ் டவுனில் சூலியாத் தெரு என்று இன்றும் வழங்கும் பகுதியில் குடியேறினர். அவர்களோடு அவர்களுடைய வெற்றிலைப் பழக்கமும் வந்தது. புகையிலைப் பழக்கமும் வந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்குச் சுருட்டு, தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்கு ஒரு வாய் வெற்றிலை. களைப்பை மறக்க அவர்களுக்குக் கிடைத்தது அதுதான்.

அந்தப் பழக்கம் பேரப்பிள்ளைகளிடம் சிகரெட்டாக மாறியிருக்கிறது. இப்போது இரத்த அழுத்தம் பார்க்கும் கிளினிக்குகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம். "நாற்பது வருடமாகப் புகைக்கிறேன், டாக்டர். என் பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது? அப்படியென்றால் சிகரெட் என்னை ஒன்றும் செய்யவில்லை." சொல்பவர் பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரை அளந்து பார்த்தபோது, புகைப்பவர்களின் அழுத்தம் புகைக்காதவர்களின் அழுத்தத்துக்குச் சமமாக அல்லது சற்றுக் குறைவாகக்கூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு சிகரெட்டும் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதும் சோதித்து அறிந்த உண்மை. இரண்டும் எப்படி ஒருங்கே உண்மையாகும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வழியை நமக்குத் திறந்து காட்டியதும் இதே புகையிலைதான்.

இரத்தத்துக்கு அழுத்தம் உண்டு என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாய் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். எட்டு அடிக்கு மேல் ஏறியது. 1733ஆம் ஆண்டில் அதை நூலாக வெளியிட்டார். அந்த அழுத்தத்தை யார் ஏற்றுகிறார், யார் இறக்குகிறார் என்பது அவருக்குப் புலப்படவில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை எண்ணிப் பாருங்கள். குழாய்க்குள் அழுத்தம் ஏற இரண்டு வழி உண்டு. ஒன்று, தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுவது. மற்றது, குழாயின் வாயை விரலால் நெருக்குவது. உடலில் தண்ணீரைத் திறப்பது இதயம். வாயை நெருக்குவது, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய தமனிகளைச் சுற்றியுள்ள தசை. அந்தத் தசைக்கு ஆணையிடுவது நரம்பு. நரம்புக்கு ஆணையிடுவது மூளை. இந்தக் கடைசிச் செய்தியை உறுதிப்படுத்தியவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் லுத்விக் நடத்திய ஆய்வுக்கூடத்தார். 1870களில் அவருடைய மாணவர்கள் விலங்குகளின் மூளையை மேலிருந்து கீழாகப் படிப்படியாகத் துண்டித்துப் பார்த்தார்கள். பெருமூளையை நீக்கினாலும் அழுத்தம் இருந்தது. சிறுமூளையை நீக்கினாலும் இருந்தது. மூளைத் தண்டின் அடிப்பகுதியாகிய முகுளத்தில் கத்தி பட்டவுடன் அழுத்தம் சரிந்து விழுந்தது. கட்டைவிரல் அகலம் உள்ள அந்தப் பகுதிதான் நம் இரத்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது.

முகுளத்திலிருந்து வரும் ஆணை இரத்தக் குழாய்க்கு நேரே போகிறதா, இடையில் எங்கேனும் தங்கிப் போகிறதா? இங்கேதான் புகையிலை நம் கதைக்குள் நுழைகிறது.

1560ஆம் ஆண்டில் லிஸ்பனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் ழான் நிக்கோ புகையிலையைத் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரால்தான் அதன் நஞ்சுக்கு நிக்கோட்டின் என்று பெயர் வந்தது. 1828இல் ஹைடல்பர்க் நகரில் போசெல்ட் என்ற மருத்துவரும் ரைமான் என்ற வேதியியலாரும் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். நிறமற்ற எண்ணெய் போன்ற பொருள். சில துளிகளே ஆளைக் கொல்லப் போதுமானவை. நம் ஊர் விவசாயிகள் புகையிலையை ஊறவைத்த கஷாயத்தைச் செடிகளின் மேல் தெளித்துப் பூச்சிகளைக் கொன்றது இந்த நஞ்சின் வலிமையால்தான். அவர்கள் எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைக் கற்கவில்லை.

கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி என்ற உடலியல் அறிஞர் இருந்தார். 1889ஆம் ஆண்டில் அவரும் டிக்கின்சன் என்பவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். முயலின் கழுத்தில், தலைக்குச் செல்லும் பரிவு நரம்பின் பாதையில், சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. அந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் காது வெளுக்கும். அதாவது காதின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கண்ணின் பாவையும் விரியும். லாங்லி ஒரு தூரிகையில் நிக்கோட்டின் கரைசலைத் தொட்டு, அந்த முடிச்சின்மேல் மட்டும் பூசினார். பிறகு முடிச்சுக்குக் கீழே நரம்பைத் தூண்டினார். காது வெளுக்கவில்லை. முடிச்சுக்கு மேலே தூண்டினார். உடனே வெளுத்தது. ஆக, கீழே இருந்து வரும் நரம்பு இழை அந்த முடிச்சில் முடிகிறது. அங்கிருந்து புதிய இழை ஒன்று புறப்படுகிறது. செய்தி கைமாறும் இடத்தை நிக்கோட்டின் அடைத்துவிட்டது.

பினாங்கு நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. கோலாலம்பூரிலிருந்து இரயில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கவேண்டும். அங்கே பெரி ஏறி ஜார்ஜ் டவுன் வரலாம். முகுளத்திலிருந்து வரும் ஆணைக்கும் அப்படி ஒரு பட்டர்வொர்த் இருக்கிறது. நரம்பு முடிச்சுதான் அந்தத் துறை. நிக்கோட்டின் அந்தத் துறையில் இரண்டு வேலை செய்கிறது. சிறிதளவு வந்தால், இரயில் வராமலேயே பெரியைக் கிளப்பிவிடுகிறது. மேலும் மேலும் வந்து குவிந்தால் வாயிற்கதவு அடைபட்டுப் போகிறது. லாங்லி தூரிகையால் பூசியது அடைக்கும் அளவு. சிகரெட்டில் வருவது கிளப்பிவிடும் அளவு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிக்கோட்டின் தூரிகையோடு லாங்லி உடல் முழுவதும் இருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றார். நம் விருப்பத்தைக் கேளாமல் இதயத்தையும் குடலையும் இரத்தக் குழாய்களையும் நடத்தும் இந்த நரம்புக் கூட்டத்துக்கு 1898இல் 'தன்னியக்க நரம்பு மண்டலம்' என்று அவர் பெயரிட்டார். அதே ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் பினாங்கு இளைஞர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார் என்பது நாம் நினைவுகூரத்தக்கது. அவர்தான் வூ லியென் தே. 1879இல் இங்கே பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, அரசியாரின் உதவித்தொகை பெற்று, 1896இல் கேம்பிரிட்ஜ் சென்றவர். பின்னாளில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார். அதற்கு முன்பே பினாங்கில் மருத்துவம் பார்த்தபோது அபினிப் பழக்கத்தை எதிர்த்துச் சங்கம் நடத்தினார். அபினி வரி அன்றைய அரசாங்க வருமானத்தில் பெரும்பங்காக இருந்த காலம் அது. அந்த எதிர்ப்புக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மூளையைப் பிடித்துக்கொள்ளும் பொருளை வைத்து வரி வாங்கும் வழக்கம் உலகத்தில் புதிதன்று.

1905இல் லாங்லி இன்னொரு படி மேலே சென்றார். தசையின் மேற்பரப்பில் நிக்கோட்டின் வந்து பொருந்துவதற்கென்றே ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும் என்றார். இன்று நாம் 'ஏற்பி' என்று சொல்வது அதைத்தான். பூட்டும் சாவியும் போல என்று பாடநூல்களில் எழுதுகிறோமே, அந்தக் கருத்தின் தொடக்கங்களில் இது முக்கியமானது. ஆனால் இயற்கை நம் உடலில் புகையிலைக்கென்று பூட்டு வைத்திருக்குமா? அது கள்ளச்சாவி. உண்மையான சாவி வேறு. 1914இல் லண்டனில் ஹென்றி டேல், அசிட்டைல்கோலின் என்ற பொருள் சில இடங்களில் நிக்கோட்டினைப் போலவே வேலை செய்கிறது என்று காட்டினார். 1921இல் ஆஸ்திரியாவில் ஆட்டோ லோவி, நரம்பு உண்மையிலேயே அப்படி ஒரு பொருளைச் சுரந்து இதயத்தை அடக்குகிறது என்று தவளை இதயத்தில் கண்டார். 1936இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இடையே அரசியல் புகுந்தது. 1933இல் ஹிட்லரின் ஆட்சி பெர்லினில் யூத அறிஞர்களைப் பதவியிலிருந்து விரட்டியது. அவர்களுள் ஒருவர் வில்ஹெல்ம் பெல்ட்பர்க். லண்டனில் டேல் அவருக்கு இடம் கொடுத்தார். மிகச் சிறிதளவு அசிட்டைல்கோலினைக்கூட அட்டையின் தசையைக் கொண்டு கண்டறியும் முறையைப் பெல்ட்பர்க் கையோடு கொண்டுவந்தார். நாம் குளத்தில் கண்டு அருவருக்கிறோமே, அந்த அட்டைதான். 1934இல் அவரும் காடம் என்பவரும் பூனையின் கழுத்தில் ஒரு நரம்பு முடிச்சை எடுத்துக்கொண்டு, செய்தி கைமாறும்போது அங்கே சுரப்பது அசிட்டைல்கோலினே என்று நிறுவினர். லாங்லி முயலில் நிக்கோட்டின் பூசியதும் அதே முடிச்சில்தான். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பூட்டின் சாவி கிடைத்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1945 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக் கசிவால் இறந்தார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் முந்நூறைத் தொட்டது. உலகத்தின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்குக் கொடுப்பதற்கு மருத்துவரிடம் பயனுள்ள மருந்து ஒன்றுகூட இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1948இல், லண்டனில் பேட்டனும் கிரேக்கப் பெண்மணியாகிய எலினார் சைமிசும் ஒருவகைப் பொருள்களை ஆராய்ந்து, அவற்றுள் ஹெக்சாமெதோனியம் என்பது நரம்பு முடிச்சின் நிக்கோட்டின் பூட்டை மட்டும் அடைப்பதைக் கண்டனர். பட்டர்வொர்த் துறையை அடைத்தால் ஆணை போய்ச் சேராது, அழுத்தம் இறங்கும். மரணத்தின் வாயிலில் இருந்த கடும் இரத்தக் கொதிப்பு நோயாளிகள் பலர் இதனால் பிழைத்தனர். ஆனால் எல்லா முடிச்சுகளும் சேர்ந்து அடைபட்டதால் வாய் வறண்டது, மலம் கட்டியது, பார்வை மங்கியது, எழுந்து நின்றால் மயக்கம் வந்தது. நல்ல மருந்துகள் வந்ததும் இது ஒதுங்கிக்கொண்டது. இருந்தாலும் இரத்தக் கொதிப்பைக் குறைக்க முடியும் என்ற நம்பிக்கையைத் தந்த முதல் மருந்துகளில் இதுவும் ஒன்று.

இந்தியாவும் அப்போது சும்மா இருக்கவில்லை. 1931இலேயே கல்கத்தாவில் சென், போஸ் என்ற இரு மருத்துவர்கள் சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்ட பிறகே மேல்நாடுகள் விழித்துக்கொண்டன. அந்த வேரின் சத்தாகிய ரிசர்பின், நரம்பின் முனையில் சேமித்து வைத்திருக்கும் இரசாயனத்தைக் காலி செய்கிறது. ஹெக்சாமெதோனியம் துறையில் மறித்த அதே ஆணையை இது ஊருக்குள் வந்து மறித்தது.

பூட்டைக் கையில் எடுத்துப் பார்க்க உதவியது ஒரு பாம்பு. 1963இல் தைவானில் சாங், லீ என்ற இருவர் கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தனர். அது நிக்கோட்டின் பூட்டைக் கவ்விக்கொண்டு விடவே விடாது. அதைத் தூண்டில்போலப் பயன்படுத்தி, 1970இல் பாரிசில் ழான் பியேர் சாஞ்சே, மின்சார விலாங்கு மீனின் உடலிலிருந்து அந்தப் பூட்டைப் பிரித்தெடுத்தார். அது ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த புரதம். நடுவே திறந்து மூடும் துளை. துண்டுகள் மாறினால் பூட்டின் குணமும் மாறும். தசையில் ஒரு வகை, நரம்பு முடிச்சில் ஒரு வகை, மூளையில் வேறு வகை. மூளையில் உள்ளதுதான் மனிதனைச் சிகரெட்டுக்கு அடிமையாக்குகிறது. முடிச்சில் உள்ளது இரத்தக் குழாயை நெருக்குகிறது. ஒரே மூச்சுப் புகை இரண்டையும் திறக்கிறது.

பாக்கையும் இங்கே விட்டுவிடக்கூடாது. அதிலுள்ள அரிக்கோலின் பெரும்பாலும் மஸ்கரின் வகைப் பூட்டுகளைத் திறப்பது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். 2015இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார், அது மூளையின் நிக்கோட்டின் பூட்டுகளில் சிலவற்றையும் ஓரளவு திறக்கிறது என்று காட்டினர். புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குப் போடுபவர்களும் அதை விட முடியாமல் தவிப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். பாக்கு, புகையிலை இல்லாமலேயே புற்றுநோய் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

இப்போது மீண்டும் முகுளத்துக்கு வருவோம். முகுளம் கண்ணை மூடிக்கொண்டு ஆணையிடுவதில்லை. கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம் உடனே பரிவு நரம்பைத் தளர்த்தும். பெருந்தமனியின் செய்தி நரம்பை 1866இல் சையோனும் லுத்விக்கும் கண்டனர். கழுத்துத் தமனியின் செய்தியைப் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஹேமன்ஸ் விரிவாக ஆராய்ந்தார். அங்கேயே பக்கத்தில், இரத்தத்தின் பிராணவாயுவைச் சுவைத்துப் பார்க்கும் இன்னொரு சிறு உறுப்பு இருப்பதையும், நிக்கோட்டின் அதையும் தட்டி எழுப்புவதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. 1938ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

முகுளத்தின் மேலேயே நிக்கோட்டினைப் பூசினால் என்ன ஆகும்? இந்தச் சோதனையைச் செய்தவர் யார் தெரியுமா? அதே பெல்ட்பர்க்தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அவர் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. 1970களில் பிரேசில் நாட்டு அறிஞர் குவெர்ட்சென்ஸ்டைனோடு சேர்ந்து, மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத் தண்டின் அடிப்பரப்பில் குறிப்பிட்ட இடத்தில் நிக்கோட்டினை வைத்துப் பார்த்தார். புகைத்தால் ஏறுகின்ற இரத்த அழுத்தம் இங்கே இறங்கியது! அதே பகுதியிலிருந்து, சிறுநீரைக் குறைத்து உடலில் நீரைத் தேக்கும் வாசோபிரசின் என்ற சுரப்பும் கிளம்பியது. நரம்பு முடிச்சில் ஏற்றம், முகுளத்தின் ஓரிடத்தில் இறக்கம், அட்ரீனல் சுரப்பியில் ஏற்றம். கள்ளச்சாவிக்கு எந்த வீட்டுக் கதவு என்ற கணக்கு ஏது? கைக்கு எட்டிய பூட்டையெல்லாம் திறக்கும். புகைக்கும் மனிதனிடம் நாம் காண்பது இவற்றின் கூட்டுத்தொகை.

அந்தக் கூட்டுத்தொகையையும் அளந்தார்கள். சிகரெட் பிடித்த சில நொடிகளில், பத்து இருபது என்று எண்ணுவதற்குள், நிக்கோட்டின் மூளையை அடைகிறது. இரத்த அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஏறுகிறது. நாடியும் வேகம் கொள்கிறது. 1976இல் அமெரிக்காவில் கிரையர் குழுவினர், அட்ரீனலின் வகைச் சுரப்புகளைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துவிட்டுப் புகைக்கச் சொன்னபோது இந்த ஏற்றம் வரவில்லை. எனவே ஏற்றத்துக்குக் காரணம் பரிவு நரம்பே என்பது உறுதியாயிற்று.

ஆனால் ஒரு முரண்பாடு. சுவீடனின் உப்சாலா நகரில் 1960களில் உருவான ஒரு முறையால், விழித்திருக்கும் மனிதனின் காலில் மெல்லிய ஊசியைச் செருகி, தசைக்குப் போகும் பரிவு நரம்பின் துடிப்பை நேரே கேட்க முடிந்தது. புகைப்பவர்களிடம் கேட்டபோது, துடிப்பு கூடவில்லை, குறைந்தது. அப்படியென்றால் நிக்கோட்டின் பரிவு நரம்பைத் தூண்டவில்லையா?

1998இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நார்க்கிவிச்சும் அவர் குழுவினரும் இந்த முடிச்சை அவிழ்த்தனர். புகைக்கும்போது அழுத்தம் ஏறாதபடி ஒரு மருந்தைச் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே, காலின் நரம்பைக் கேட்டனர். இப்போது துடிப்பு மிகவும் அதிகரித்தது. பொருள் விளங்குகிறது அல்லவா? சாதாரணமாகப் புகைக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. கழுத்துத் தமனி முகுளத்திடம் முறையிடுகிறது. முகுளம் பிரேக்கை அழுத்துகிறது. பிரேக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் நிக்கோட்டின் எவ்வளவு பலமாக முடுக்கியிருக்கிறது என்பது தெரிந்தது. நம் கொடிமலை இரயில் சரிவில் இறங்கும்போது நிதானமாகத்தான் இறங்குகிறது. அந்த நிதானத்துக்குப் பின்னால் பிரேக் படும் பாடு பயணிக்குத் தெரிவதில்லை. புகைப்பது இந்தப் பிரேக்கின் கூர்மையையும் மழுங்கச் செய்கிறது என்று இத்தாலிய அறிஞர்கள் கண்டனர்.

இப்போது கிளினிக் நண்பருக்கு விடை சொல்லலாம். அவர் காலையில் வந்து எண் எடுத்து உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனையில் புகைக்க முடியாது. கடைசிச் சிகரெட்டின் ஏற்றம் அரைமணி நேரத்தில் பெரும்பாலும் இறங்கிவிட்டது. புகைப்பவர்கள் பொதுவாக எடை குறைந்தவர்கள்; அதனாலும் அழுத்தம் சற்றுக் குறைவு. இந்த நிலையில் கருவி காட்டுவது, அவர் புகைக்காத நேரத்து அழுத்தம். 1991இல் நியூயார்க்கில், கிளினிக்கில் ஒரேமாதிரி அளவு காட்டிய புகைப்பவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் நாள் முழுவதும் தானே அளக்கும் கருவியைக் கட்டி அனுப்பினர். பகல் நேரத்தில் புகைப்பவர்களின் மேல் அழுத்தம் கூடுதலாக இருந்தது. நாளைக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு ஏற்றமும் இறக்கமும் இருபது முறை. இதற்கிடையே கரியமில நச்சுவாயு இரத்தத்தின் பிராணவாயுவைக் குறைக்கிறது. புகையின் மற்ற நஞ்சுகள் தமனியின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. மாரடைப்பு இந்தச் சேர்க்கையில் வருகிறது. கிளினிக் எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புகைப்பவர் எல்லாருக்கும் நிரந்தர இரத்தக் கொதிப்பு வரும் என்று பயமுறுத்துவதும் சரியன்று. இரத்தக் கொதிப்பு ஏற்கெனவே உள்ளவர் புகைத்தால் ஆபத்து பெருகுகிறது என்பதே நாம் வலியுறுத்துவது.

மலேசியாவில் அப்படிப்பட்டவர் சிலர் அல்லர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது, நூற்றுக்கு 21.3 பேர் புகைத்தனர். 2023இல் புகைப்பவர் நூற்றுக்கு 19 ஆகக் குறைந்தனர். இரத்தக் கொதிப்பு 29.2; ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பினாங்கு இந்தப் போராட்டத்தில் பின்தங்கியதில்லை. குளுகோரில், பிரிட்டிஷ் படையினர் தங்கிய மிண்டன் குடியிருப்பில் வளர்ந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் துறையில், சிறுநீரகத்துக்குச் செல்லும் பரிவு நரம்புகள் இரத்த அழுத்தத்தை எப்படி நடத்துகின்றன என்பதைப் பல ஆண்டுகளாக எலிகளில் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். லாங்லி தூரிகையோடு தொடங்கிய தேடலின் ஒரு கிளை இங்கே ஓடுகிறது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சிகரெட் விளம்பரங்களையும், விளையாட்டுப் போட்டிகளுக்குச் சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுப்பதையும் எதிர்த்து ஓயாமல் எழுதியது. 2019 மே மாதத்தில் அவர் மறைந்தார். அதே ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் சாப்பாட்டுக் கடைகளில் புகைப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. நாசி கண்டார் கடை மேசையில் சாம்பல் கிண்ணம் இல்லாத காட்சியை அவர் பார்த்துவிட்டே சென்றார்.

வழி நேராகப் போகவில்லை. 2023 மார்ச் 31ஆம் நாள், திரவ நிக்கோட்டின் நச்சுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மின்சிகரெட்டுக்கு வரி விதிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2024 அக்டோபர் முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மின்சிகரெட் விற்பதைத் தடைசெய்யும்வரை, பிள்ளைகளைக் காக்கும் சட்டம் அந்தத் திரவத்துக்கு இல்லை. போசெல்ட்டும் ரைமானும் பிரித்தெடுத்த அதே பொருள், பழச்சுவையும் பனிச்சுவையும் சேர்ந்து வண்ணக் குப்பிகளில் விற்கப்பட்டது. மின்சிகரெட்டில் கரிப்புகை இல்லை என்பது உண்மைதான். நிக்கோட்டின் அதிலும் அதே முடிச்சில்தான் வேலை செய்கிறது. நாடியும் அழுத்தமும் அதே வழியில்தான் ஏறுகின்றன.

நேயர்களில் பலர் வீட்டில் இரத்த அழுத்தக் கருவி வைத்திருக்கிறீர்கள். மருத்துவருக்காக அளக்கும்போது, அதற்கு முன் அரைமணி நேரம் புகைக்காமல், அமைதியாக உட்கார்ந்து அளக்கவேண்டும், அதுதான் முறை. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புகைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்னொரு எண்ணையும் குறிக்கலாம். வழக்கம்போல் ஒரு நாளில், சிகரெட்டோ சுருட்டோ முடித்த ஐந்தாவது நிமிடத்தில் அளந்து, மணியையும் எழுதி, பக்கத்தில் எழுதுங்கள். வெற்றிலை போடுபவர்கள் அதையும் எழுதலாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.